டென்ஸ் கருவியா, வெந்நீர்ப் பையா: எண்டோமெட்ரியோசிஸ் வலிக்கு எதை வாங்கலாம்?

டென்ஸ் என்பது தோலில் ஒட்டும் பட்டைகள் வழியே மெல்லிய மின்துடிப்பு அனுப்பி வலியை மட்டுப்படுத்தும் சிறு கருவி. டர்பனில் அதைத் தேடுபவர்கள் இரண்டு பட்டை மட்டுமே ஒட்டும் மலிவு வகையை எண்டோமெட்ரியோசிஸுக்கு வாங்க வேண்டாம். கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வதால் வரும் இந்த வலி, அடிவயிற்றோடு நிற்பதில்லை. கீழ்முதுகுக்கும் தொடைக்கும் ஓடும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு பட்டை ஒட்டும் இரட்டை இணைப்புக் கருவிதான் உருப்படியானது.

பெட்டியில் எத்தனை ‘மோடு’ போட்டிருக்கிறது என்பது விளம்பரம். துடிப்பு வேகத்தை 80 முதல் 120 ஹெர்ட்ஸ் வரையும், துடிப்பு அகலத்தை 100 முதல் 200 மைக்ரோவினாடி வரையும் நாமே மாற்ற முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். ‘மசாஜ்’ என்று பெயரிட்ட மோடுகள் தசையைச் சுண்டி இழுப்பவை. ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் வயிற்றுக்கு அது வேண்டாத வேலை.

ஒட்டும் இடத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். தொப்புளுக்குக் கீழே, வலி இருக்கும் உயரத்தில், இரு பக்கமும் ஒவ்வொன்று. இடுப்புக்குக் கீழே முதுகெலும்பின் இரு பக்கமும் ஒவ்வொன்று. கருவி அணைந்திருக்கும்போதுதான் ஒட்டவும் உரிக்கவும் வேண்டும். மின்சார அளவை மெல்ல ஏற்றி, நன்றாகக் கூச்சம் தெரிந்தும் வலிக்காத இடத்தில் நிறுத்துங்கள். பத்து நிமிடத்தில் கூச்சம் மங்கினால் கருவி பழுதில்லை, உடம்பு பழகிவிட்டது. ஒரு படி ஏற்றினால் போதும். முதல் முறை அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள்.

டர்பன் கோடையின் வேர்வையில் ஜெல் பட்டை ஓரம் கிளம்பும். கிளம்பினால் மின்சாரம் ஒட்டியிருக்கும் சிறு பகுதியில் குவிந்து சுருக்கென்று குத்தும். தேங்காயெண்ணெய் தடவிய தோலில் ஒட்டவே ஒட்டாது. சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, உலரவிட்டு ஒட்டுங்கள். பசை காய்ந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் சில நாள் ஓட்டும். அப்புறம் மாற்றத்தான் வேண்டும்.

பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கர்ப்பமாக இருக்கலாம் என்று ஐயமுள்ளவர்களும் இதைத் தொடக்கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். வண்டி ஓட்டும்போதும் உறங்கும்போதும் போடக்கூடாது.

அதனால் படுக்கை நேரத்தில் வெந்நீர் ஊற்றும் ரப்பர் பைதான் கைகொடுக்கும், அதுவும் கண் அயர்வதற்கு முன் எடுத்துவிட வேண்டும். மின்வெட்டு வந்தால் சுவரில் செருகும் ஹீட்டிங் பேட் சும்மா கிடக்கும். பை அப்படியல்ல, கேஸ் அடுப்பு இருந்தால் போதும். கொதிக்கும் நீர் ஊற்றாமல், மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, உறை போட்டு வையுங்கள். இறுக்கமாக நிரப்பினால் மேலே சாய்ந்ததும் மூடி பிதுங்கும், வெந்து போவீர்கள். கழுத்தருகே பூ வடிவ முத்திரையில் தயாரித்த ஆண்டு இருக்கும். இரண்டு வருடமானால் தூக்கிப் போடுங்கள். நாள்தோறும் அதே இடத்தில் சூடு வைத்தால் தோலில் வலைபோலப் பழுப்புக் கோடுகள் விழும், கண்டதும் நிறுத்துங்கள். டென்ஸ் பட்டை மேலே பையை வைக்கவே கூடாது.

இரண்டுமே வலியை மட்டுப்படுத்தும், நோயைக் கரைக்காது. திடீரென்று தாங்கமுடியாத வலி, காய்ச்சல், மயக்கம் என்றால் கருவியைக் கழற்றிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

வாங்க முடிவு செய்தால், மாற்றுப் பட்டைகளையும் கூடவே வாங்குங்கள். வயரின் முனை ஊசியா, பொத்தானா என்று பாருங்கள். ஊசி வயரில் பொத்தான் பட்டை ஏறாது.