பியூஸ் கட்டையா, எம்.சி.பி. பெட்டியா?

எங்கள் வீட்டு மீட்டர் பலகையில் பீங்கான் பியூஸ் கட்டைகள் முப்பது வருடம் உழைத்தன. பியூஸ் போனால் மெயினை அணைத்துவிட்டு, கட்டையைப் பிடுங்கி ஒரு இழை கம்பி சுற்றினால் போதும், செலவே இல்லை. வினையும் அங்கேதான். அவசரத்தில் கைக்குக் கிடைத்த செப்புக் கம்பியை இரண்டு மூன்று இழையாகச் சுற்றிவிடுவோம். அப்புறம் அது உருகாது, சுவருக்குள் ஓடும் ஒயர்தான் சூடாகும். எங்கள் கட்டை ஒன்றின் ஓரம் கருகி, உள்ளே திருகு கறுத்துக் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

எம்.சி.பி. என்பது பியூஸுக்குப் பதிலாக வைக்கும் தானியங்கி சுவிட்ச்; அதில் அந்தக் கம்பி வேலை நடக்காது. லோடு கூடினாலும் ஷார்ட் ஆனாலும் தானே விழுந்து கரண்டை நிறுத்தும். கோளாறைச் சரிசெய்யாமல் தூக்கினால் மறுபடியும் விழும். ஆனால் ஷாக்கிலிருந்து அது காப்பாற்றாது. அதற்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே லைனை அணைக்கும் சுவிட்ச்) கட்டாயம் வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். எர்த்தும் சரியாக இருக்கட்டும்.

1.5 சதுர மி.மீ. ஒயருக்கு 32 ஆம்பியர் எம்.சி.பி. போட்டால், தடித்த கம்பியைச் சுற்றிய பழைய கதைதான். விளக்கு, ஃபேன் லைனுக்கு 6 அல்லது 10 போதும்.

வாடகை வீடு, மாற்ற முடியாது என்றால், சரியான அளவு பியூஸ் கம்பிச் சுருளை வாங்கிப் பலகை பக்கத்திலேயே தொங்கவிடுங்கள்.