‘தரணி’ மூளை வரைபடத் தொகுப்பு: ஒரு மதிப்பீடு

சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட ‘தரணி’, கருவிலிருக்கும் குழந்தையின் மூளையைச் செல் அளவில் காட்டும் இணையத் தொகுப்பு. கட்டணம் ஏதுமில்லை, இணைய இணைப்பு உள்ள எவரும் திறந்து பார்க்கலாம். கர்ப்பத்தின் இரண்டாம் மும்மாதத்தைச் சேர்ந்த, அதாவது 14, 17, 21, 22, 24 ஆகிய வாரங்களுக்குரிய ஐந்து மூளைகளின் 5,132 வெட்டுப் படங்கள் இதில் உள்ளன. ஐந்நூறுக்கும் மேற்பட்ட மூளைப் பகுதிகளுக்கு எல்லை வரைந்து பெயரும் இட்டிருக்கிறார்கள். உடலியல் படிக்கும் மாணவர், குழந்தை நரம்பியல் மருத்துவர், கருவுற்ற பெண்களுக்கு ஸ்கேன் பார்க்கும் மருத்துவர் ஆகியோருக்கு இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். பொதுவாசகருக்கும் பரிந்துரைப்பேன், ஆனால் சில எச்சரிக்கைகளோடு.

எம்.ஆர்.ஐ. இருக்கும்போது மூளையை ஏன் இன்னும் வெட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. மருத்துவமனை எம்.ஆர்.ஐ. படத்தின் ஒரு புள்ளி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அளவுடையது. வளர்ந்த மனிதரின் மூளைப் புறணியில், அதாவது மூளையின் வெளி அடுக்கில், ஒரு கன மில்லிமீட்டருக்குள் பல பத்தாயிரம் நியூரான்கள் அடங்கியிருக்கும் என்பதால், உயிரோடிருப்பவரின் மூளையைத் தொடாமலே காட்டும் அந்தக் கருவிக்கு, அங்கே என்ன வகைச் செல்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது தெரியாது. அதைக் காண, இறப்புக்குப் பின் பெறப்பட்ட மூளையை மிக மெல்லிய படலங்களாகச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைப்பதைத் தவிர இன்றும் வேறு வழியில்லை. சென்னையிலுள்ள மெடிஸ்கேன் நிறுவனத்தோடும் சவீதா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோடும் சேர்ந்து இந்தப் பணியைச் செய்த மையம், அதே மூளைகளின் எம்.ஆர்.ஐ. படங்களையும் வெட்டுப் படங்களோடு இணைத்துத் தந்திருக்கிறது. மருத்துவர் தம் திரையில் அன்றாடம் காணும் சாம்பல் நிழலுக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்பதை இங்கே நேரடியாக ஒப்பிட்டுப் பார்க்க முடிவதை இத்தொகுப்பின் தலையாய பயனாகக் கருதுகிறேன்.

இதற்கு முன் இவ்வகையில் பெரும்பெயர் பெற்றது ‘பிக்பிரெய்ன்’. ஜெர்மனியின் யூலிக் நகரத்து ஆய்வாளர்களும் கனடாவின் மான்ட்ரியல் நரம்பியல் கழகமும் சேர்ந்து, 65 வயதில் இறந்த ஒருவரின் மூளையை 7,404 படலங்களாகச் சீவி உருவாக்கிய அந்த முப்பரிமாண மாதிரி 2013இல் வெளிவந்தது. அதன் நுணுக்கம் 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒரு நியூரானின் உடலே பெரும்பாலும் அந்த அளவுக்குள் அடங்கிவிடுவதால் அதில் அடுக்குகள் தெளிவாகத் தெரியும், தனிச் செல்கள் தெரியா. தரணியிலோ செல் செல்லாக எண்ணும் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கலாம். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது முழு நியாயம் ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்; அது முதிர்ந்த மூளை, இது உருவாகிக்கொண்டிருக்கும் மூளை, அளவிலும் மிகச் சிறியது.

உருவாகிக்கொண்டிருக்கிறது என்பதே இங்கு முதன்மையான செய்தி. பாடநூல்கள் கருமூளையைப் பற்றி ஓரிரு கோட்டோவியங்களோடு நிறுத்திக்கொள்கின்றன. நியூரான்கள் உள்ளிருந்து வெளிநோக்கி நகர்கின்றன என்ற வாக்கியத்தை மாணவர் மனப்பாடம் செய்துவிட்டுக் கடந்துவிடுகிறார். 14 வார மூளையின் நிஸில் சாயப் படத்தை, அதாவது செல் உடல்களை ஊதா நிறத்தில் காட்டும் படத்தை, திறந்தால் அந்த வாக்கியம் கண்ணெதிரே விரிகிறது. பிதுக்கிய மொச்சைப் பருப்பைப் போல மடிப்பேதுமின்றி வழுவழுப்பாக இருக்கும் அந்த மூளையின் நடுவே திரவ அறைகள் பெரிதாக இருக்கும். அவற்றின் சுவரை ஒட்டி, செல்கள் பெருகிப் பிரியும் பகுதி அடர் ஊதா நிறப் பட்டையாகத் தெரியும். மேற்பரப்பை ஒட்டி இன்னொரு மெல்லிய அடர் பட்டை, அதாவது பிற்காலத்தில் புறணியாக வளரவிருக்கும் தட்டு. பிறந்த செல்கள் அந்த உட்சுவரிலிருந்து இந்த வெளித்தட்டுக்கு ஏறிச் செல்லும் வழியே இடைப்பட்ட வெளிறிய பரப்பு. பெரிதாக்கிக்கொண்டே போனால், ஒரே திசை நோக்கி நீண்டு கிடக்கும் செல்களை அங்கே வரிசை வரிசையாகக் காணலாம்.

வெளித்தட்டுக்குக் கீழே உள்ள சப்பிளேட் என்னும் படலத்தை மட்டும் பார்ப்பதற்காகவே இத்தொகுப்பைத் திறக்கலாம் என்பேன். புலன் செய்திகளைப் புறணிக்கு அனுப்பும் நடுமையமான தலாமஸிலிருந்து வரும் நரம்பிழைகள் புறணிக்குள் நுழையுமுன் காத்து நிற்கும் இடம் அது. இரண்டாம் மும்மாதத்தில் தடித்து வளர்ந்து, குழந்தை பிறந்த பின் பெரும்பாலும் கரைந்து போய்விடும் இப்படலத்தை முதிர்ந்த மூளையின் வரைபடம் எதிலும் காண முடியாது. 24ஆம் வார மூளைக்கு வந்தால் பக்கவாட்டில் சில்வியப் பள்ளம் தெளிவாகக் குழிந்திருப்பதையும், பிற மடிப்புகள் தொடங்குவதையும் பார்க்கலாம். சிறுமூளையின் மேற்பரப்பில், பின்னாளில் உள்நோக்கி இறங்கவிருக்கும் நுண்செல்கள் ஒரு கூடுதல் அடுக்காகத் தங்கியிருப்பதும் தெரியும்.

மருத்துவர்களுக்கு இதில் வெறும் ஆர்வத்துக்கு மேற்பட்ட பயனுண்டு. குறைமாதக் குழந்தைகளின் மூளையில் இரத்தம் கசிவது பெரும்பாலும் ஜெர்மினல் மேட்ரிக்ஸ் எனப்படும், திரவ அறையை ஒட்டிய, மெல்லிய இரத்தக் குழாய்கள் நிறைந்த பகுதியில்தான். 24 வாரத்தையொட்டிப் பிறக்கும் குழந்தைகள் தீவிர சிகிச்சையில் பிழைக்கும் இக்காலத்தில், அந்த வயதில் அப்பகுதி எவ்வளவு பெரியது, எந்த உறுப்புகளை ஒட்டிக் கிடக்கிறது என்பதை முழு மூளையின் தொடர் வெட்டுகளில் பார்த்துக்கொள்ள முடிவது சிறிய உதவியன்று.

இனிக் குறைகள். வயதுக்கு ஒரு மூளை என்ற கணக்கில் ஐந்தே மூளைகள் இருப்பதால், இரண்டு வயதுகளுக்கிடையே காணும் வேறுபாடு வளர்ச்சியால் வந்ததா, ஆளுக்கு ஆள் மாறும் இயல்பால் வந்ததா என்று இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. 21, 22 வாரப் படங்களை ஒப்பிடும்போது இந்தக் கவனம் மிகவும் தேவை. பகுதிகளின் பெயர்கள் எல்லாம் ஆங்கிலத்தில், நிபுணர்கள் வழங்கும் குறியீட்டு முறையில் உள்ளன. ஆய்வாளர்களை மனத்தில் கொண்டு கட்டப்பட்ட தொகுப்பு என்பதால் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் சென்னையிலேயே உருவான ஒரு பணியை ஒரு மேல்நிலைப் பள்ளி உயிரியல் ஆசிரியர் வகுப்பில் காட்ட விரும்பினால், எந்தப் படத்தில் எதைக் காட்டுவது என்பதைத் தாமே வேறு நூல்களில் தேடிக் குறித்துக்கொண்டுதான் வர வேண்டியிருக்கும். பத்துப் பன்னிரண்டு படங்களுக்கேனும் தமிழில் விளக்கம் எழுதிச் சேர்த்தால் மையத்துக்குப் பெரிய செலவு ஆகாது. கைப்பேசித் திரையில் பார்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். செல் அளவுப் படங்கள் அகன்ற திரையையும் வேகமான இணைப்பையும் கேட்பவை. மேலும், கர்ப்பத்தை இழந்த துயரத்தில் இருப்பவர்கள், இவை உண்மையான கருமூளைகள் என்பதை அறிந்துகொண்டு திறப்பது நல்லது.

மரபணுக்கள் எங்கே செயல்படுகின்றன என்று அறிய விரும்புவோருக்குத் தரணி போதாது; இது முதன்மையாக வடிவத்தின் வரைபடம். அதற்கு அமெரிக்காவின் ஆலன் நிறுவனம் இலவசமாக வைத்திருக்கும் ‘பிரெய்ன்ஸ்பேன்’ தொகுப்பை நாட வேண்டும். நான்கு கருமூளைகளின் மரபணுச் செயல்பாட்டை அதில் பகுதி வாரியாக அளந்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவோர் வாரக் கணக்கில் மட்டும் விழிப்பாக இருக்க வேண்டும். தரணி நம் ஊர் மருத்துவர்கள் எண்ணுவதுபோலக் கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணுகிறது. ஆலன் தொகுப்பு கருத்தரித்த நாளிலிருந்து எண்ணுவதால் இரண்டு வாரம் குறைவாகக் காட்டும். ஆகவே அங்கே 15 வாரம் என்று குறித்திருக்கும் மூளைக்கு இணையாக இங்கே திறக்க வேண்டியது 17ஆம் வார மூளையை.