புதுக் கிளியோடு பழக: பக்கத்தில் உட்காருவதா, கையால் தீனி கொடுப்பதா?

வேகம்: தீனிதான் முந்தும். கூண்டருகே உட்கார்ந்து மெல்லப் பேசினால் பலன் தெரிய வாரக்கணக்காகலாம்.

பயம்: உட்காருவதில் கிளிக்கு நெருக்கடி இல்லை. கை அப்படியல்ல, மேலிருந்து வந்தால் பருந்து பாய்வது போலத்தான். இறகுகளை உடலோடு ஒட்டிக்கொண்டு ஒல்லியாக நிமிர்ந்து நின்றால் பயந்திருக்கிறது. கடிக்கும் முன்பே கையை விலக்குங்கள். கடித்த பிறகு வெடுக்கென்று இழுத்தால், கடித்தால் கை போய்விடும் என்று கற்றுக்கொள்ளும்.

செலவு: பெரிதாக இல்லை. சூரியகாந்தி விதையில் கொழுப்பு அதிகம், அளவோடு கொடுங்கள்.

வீடு மாறி வந்த வளர்ந்த கிளிக்கு முதலில் உட்காருவதுதான் என் தேர்வு. மனிதர் ஊட்டி வளர்த்த குஞ்சுக்கு நேராகத் தீனி. எதுவானாலும் தடவுவது தலை, கழுத்தோடு நிற்கட்டும். முதுகைத் தடவினால் இணைசேர அழைப்பதாக எடுத்துக்கொள்ளலாம்.