எட்டு வருஷமாக ஈபி காரமாண்ட் இட்டாலிக்

ராயபுரத்தில் எங்கள் டிடிபி கடைக்கு வரும் ஆங்கிலக் கார்டுகள் பெரும்பாலும் தேவாலயக் கல்யாணம், புதுநன்மை, நினைவுநாள். எட்டு வருஷமாகப் பெயர்களை ஈபி காரமாண்ட் ஃபான்டின் இட்டாலிக்கில், அதாவது சாய்வெழுத்தில்தான் வைக்கிறேன். இலவச ஃபான்ட் என்றுதான் முதலில் இறக்கினேன், அதை மறைப்பானேன்.

ஈபி என்றால் ஏகனால்ஃப்-பெர்னர், பழைய எழுத்து வார்ப்புக்கூடம் ஒன்றின் பெயர். 1592இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் அவர்கள் வெளியிட்ட எழுத்து மாதிரித் தாளைப் பார்த்து நம் காலத்தில் கியார்க் டஃப்னர் வரைந்தது இந்த ஃபான்ட். அந்தத் தாளில் நேரெழுத்து குளோத் காரமாண்ட் வெட்டியது, சாய்வெழுத்து ராபர்ட் கிரான்ஜோன் வெட்டியது. ஆக நான் தினம் தொடும் எழுத்தில் பெயர் ஒருவருக்கு, கைவேலை இன்னொருவருக்கு.

இதில் என்னைக் கட்டிப்போட்டது அண்ட் (&) குறிதான். லத்தீனில் ‘எட்’ (et) என்றால் ‘உம்’, அதிலிருந்து வந்த குறி இது. அந்த ஈ-யும் டீ-யும் பின்னிக்கொண்டு நிற்பது இதில் கண்ணுக்கே தெரியும். மணமக்கள் பெயருக்கு நடுவே 40 பாயின்டில் வைத்தால் வேறு பூ வேலையே வேண்டாம். ஸ்வாஷ் வசதியைப் போட்டால் பெரிய எழுத்துகள் வால் நீட்டும். ஒரு வரியில் ஒன்று போதும், இரண்டு வைத்தால் ஒன்றோடொன்று முட்டும்.

சிறிய அளவில் இது கழுத்தை அறுக்கும். மெரூன் அட்டையில் தங்க மையால் ஸ்கிரீன் பிரிண்ட் போட்டால் 14 பாயின்டுக்குக் கீழே மெல்லிய கோடுகள் அறுந்துவிடும், ஈ-யின் (e) கண் அடைத்துக்கொள்ளும். முகவரி, நேரம் எல்லாம் நேரெழுத்துக்கு மாற்றிவிடுவேன். வாட்ஸ்அப்பில் அனுப்பும் கார்டுக்கும் அப்படித்தான்.

“தமிழையும் அதே மாதிரி சாய்ச்சிடுங்கண்ணா” என்று கேட்பார்கள். சாய்த்தால் கொம்பும் சுழியும் காற்றில் சரிந்த பந்தல் கால் மாதிரி இருக்கும். தமிழுக்கு வேறு நிறம் கொடுத்துவிடுகிறேன்.

ஒரு தடவை கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்தபின் இட்டாலிக் ஃபைலை ஏற்ற மறந்துவிட்டேன். மென்பொருள் சத்தமில்லாமல் நேரெழுத்தையே தள்ளிச் சாய்த்துக் கொடுத்தது, நானும் கவனிக்கவில்லை. 300 கார்டு அச்சாகிவிட்டது. பெண்ணின் தாத்தா அந்தக் காலத்தில் ஈய எழுத்து கோத்தவர். மாப்பிள்ளை பெயர் ஆல்ஃபிரட். கார்டைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, “தம்பி, எஃப்புக்கு வால் எங்கே?” என்றார். அசல் இட்டாலிக்கில் எஃப் கோட்டுக்குக் கீழே இறங்கும், சின்ன ஏ-வுக்குத் (a) தலைக்கொக்கி போய் ஒற்றை வயிறுதான் இருக்கும். வெறுமனே சாய்த்ததில் இரண்டும் நடக்காது. என் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்தேன்.

இப்போது ப்ரூஃப் வந்ததும் முதலில் எஃப்பைத் தேடுவேன். பெயரில் எஃப் இல்லையென்றால் ஏ.