ஜன்னலைத் திறக்க ஒரு மணி நேரம்

2022 ஜனவரியில் ஊருக்குப் போயிருந்தேன். கொரோனாவின் ஒமைக்ரான் வகை வேகமாகப் பரவிக்கொண்டிருந்த நேரம். பயணம், பரிசோதனை எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அம்மாவை சர்க்கரை, பிரஷர் பார்க்க வழக்கமான கிளினிக்குக்குக் கூட்டிப்போன அந்த ஒரு காலைதான் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

வாசலில் நெற்றிக்கு நேராகக் கருவியை நீட்டிக் காய்ச்சல் பார்த்தார்கள். கையில் சானிடைசர் ஊற்றினார்கள். பரவாயில்லையே என்று நிம்மதியாக உள்ளே போனால், ஜன்னல் அத்தனையும் சாத்தி ஏசி ஓடுகிறது. இருபது பேர் இருப்பார்கள். முன்வரிசையில் ஒரு பெரியவர் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு விடாமல் இருமிக்கொண்டிருந்தார்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. மூச்சில் வெளிவரும் நுண்துளிகள் காற்றில் மிதந்தும் கொரோனா பரவும். காற்று மாறாத அறையில் அவை சேர்ந்துகொண்டே போகும். நாற்காலிகளைத் தள்ளிப் போட்டால் மட்டும் போதாது. அந்த ஸ்ப்ளிட் ஏசியோ வெளிக்காற்றை உள்ளே இழுப்பதில்லை, அறைக்குள் இருப்பதையே குளிரவைத்துச் சுற்றிவிடுகிறது. காய்ச்சலே இல்லாமல் பரப்புகிறவர்களை வாசல் கருவியும் பிடிக்காது.

ரிசப்ஷனில் கேட்டேன். "ஜன்னலைக் கொஞ்சம் திறக்கலாமா தம்பி?"

"ஏசி ஓடுது சார், கூலிங் நிக்காது."

மறுபடி கேட்டேன். "எல்லாம் சானிடைஸ் பண்ணியாச்சு சார்." மூன்றாவது தடவை அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

நான் இருக்கும் நாட்டில் அந்த நாட்களில் காரிலேயே காத்திருக்கச் சொல்லி, முறை வந்ததும் போனில் கூப்பிட்டார்கள். இருமல், காய்ச்சல் என்றால் தனி வாசல். அதற்குக்கூட அங்கே போயிருக்க வேண்டியதில்லை. இதே கிளினிக்கில் சின்ன வயதில் டோக்கனை வாங்கிக்கொண்டு வராந்தா பெஞ்சில்தானே உட்கார்ந்திருப்போம்? கம்பவுண்டர் பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை காற்று வீசிக்கொண்டே இருக்கும். அந்த வராந்தாவை அடைத்துத்தான் இந்த ஏசி ஹாலைக் கட்டியிருக்கிறார்கள். பார்க்கப் பார்க்க ஆறவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து ஊசி போடும் அறையிலிருந்து ஒரு சிஸ்டர் வந்தார். இருமல் சத்தம் கேட்டிருக்க வேண்டும். யாரையும் கேட்கவில்லை. ஏசியை அணைத்தார், எதிரெதிராக இருந்த ஜன்னல்களைத் திறந்தார், பெரியவருக்குப் புது மாஸ்க் கொடுத்தார். "மூக்கு மேல ஏத்திப் போடுங்க ஐயா. வெளிய காத்தாட உட்காருங்க, உங்களத்தான் முதல்ல அனுப்பப் போறேன்." நாற்காலியையும் அவரே தூக்கிப்போய்ப் போட்டு, பெரியவர் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினார். ரத்தத்தில் ஆக்சிஜன் 91 சதவீதம்தான், இருக்க வேண்டியதைவிடக் குறைவு. அடுத்த நிமிடம் டாக்டரிடம் கூட்டிப்போய்விட்டார்.

சானிடைசரும் வாசல் கருவியும் செய்யாததை ஒரே ஆள் ஐந்து நிமிடத்தில் செய்தார். கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

அடுத்த மாதம் அம்மா தனியாகத்தான் போக வேண்டும். அந்த சிஸ்டருக்கு எந்தெந்த நாள் டியூட்டி என்று கேட்டு, காலண்டரில் குறித்து வைத்துவிட்டு வந்தேன்.