கரையில் நிற்பவனுக்கு எந்த ராடு, எந்தக் கயாக்? ஆறு வருட அனுபவம்

ஆறு வருடமாகச் சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டித்தான் என் தூண்டில். கோவளம் கடற்கரை, முட்டுக்காடு முகத்துவாரம், நேரம் கிடைத்தால் இன்னும் தெற்கே முதலியார்குப்பத்தில் ஓடியூர் உப்பங்கழி. பத்து முறை போனால் எட்டு முறை கரையில் நின்றுதான் வீசுகிறேன். மீதி இரண்டு முறைக்காக மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கயாக், அதாவது துடுப்பால் ஓட்டும் சின்னப் படகு, வாங்கினேன்.

அதைக் காரின் கூரையில் பார்ப்பவர்கள் எல்லாரும் கயாக்கைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். நான் ராடிலிருந்து, அதாவது தூண்டில் கோலிலிருந்து, ஆரம்பிக்கிறேன். எந்தக் கயாக் வாங்குவது என்பதை முடிவு செய்தது என் கையிலிருந்த ராடுகள்தான்.

முதலில் வாங்கியது 12 அடி சர்ஃப் ராடு, கரையிலிருந்து தூரமாக வீசுவதற்கான நீளக் கோல். 100 முதல் 200 கிராம் வரை எடை வீசலாம் என்று எழுதியிருந்தது. அதற்கு ஏற்ற பெரிய ரீலையும் (நரம்பைச் சுற்றும் கருவி) மாட்டினால் கையில் ஒரு கிலோவுக்கு மேல். கடல் பெரியது, தூரமாக வீசினால்தான் மீன் என்று நினைத்திருந்தேன். ஒரு வருடம் முழுக்க அப்படியே வீசினேன். கெளுத்தி கிடைத்தது, எப்போதாவது ஒரு திருக்கை. அவ்வளவுதான்.

கோவளத்தில் ஒருநாள் காலை, பக்கத்தில் ஒரு பெரியவர் கையில் ராடே இல்லாமல், ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் தூண்டில் நரம்பைச் சுற்றி வைத்துக்கொண்டு, கிழங்கான் மீனாக எடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய ஈயக் குண்டு விழுந்த இடம் கரையிலிருந்து இருபது, இருபத்தைந்து மீட்டர்தான் இருக்கும். "தம்பி, அலை உடையுற இடத்துக்கும் கரைக்கும் நடுவுல தண்ணி கொஞ்சம் கருப்பா தெரியுது பாரு. அது பள்ளம். மீனு அதுலதான் மேயுது. நீ அதைத் தாண்டிப் போட்டுட்டு உக்காந்திருக்க" என்றார். அன்றைக்குத்தான் கடலைக் கண்ணால் படிக்க ஆரம்பித்தேன். அலை மணலைக் கிளறும்போது புழுவும் சின்ன நண்டும் வெளியே வந்து அந்தப் பள்ளத்தில் விழுகின்றன. கிழங்கானும் காலாவும் சின்னப் பாறை மீனும் அதைத் தேடித்தான் இவ்வளவு கிட்டே வருகின்றன.

அதற்குப் பிறகு 9 அடி ராடுக்கு மாறினேன், இன்றுவரை அந்த அளவுதான் என் முக்கிய ராடு. 20 முதல் 60 கிராம் வரை வீசலாம், இரண்டு துண்டு, ராடின் எடை 250 கிராமுக்குள். இறால் கோத்து நாற்பது கிராம் ஈயத்துடன் பள்ளத்தில் போடவும், முப்பது கிராம் மெட்டல் ஜிக்கை (மீன் போல மின்னும் உலோகத் துண்டு) அலைக்கு அப்பால் வீசி இழுக்கவும் இது ஒன்றே போதும். இரண்டு மணி நேரம் தொடர்ந்து வீசினாலும் தோள் வலிக்காது. லூர் (செயற்கை இரை) வீசுபவருக்கு இதுதான் பெரிய விஷயம். மீன் அடிப்பது நூறாவது வீச்சிலாகவும் இருக்கலாம், அப்போதும் கை தளராமல் இருக்க வேண்டும்.

பெரிய ராடே வேண்டாம் என்று சொல்லவில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நீரோட்டம் பலமாக ஓடும்போது, நூறு கிராமுக்குக் குறைவான ஈயம் மணலில் நிற்காமல் உருண்டுகொண்டே போகும். அந்த இரண்டு மாதத்துக்கு 12 அடி உதவும். முதல் ராடாக மட்டும் வாங்காதீர்கள்.

இரண்டாவது, 7 அடி ராடு. 10 முதல் 30 கிராம். இதைக் கழிக்காக வாங்கினேன். பாலத்தடியிலும் அலையாத்தி ஓரத்திலும் பின்னால் கை ஓங்க இடம் இருக்காது. அங்கே குட்டை ராடுதான் குறி தவறாமல் போடும். ஒரு 4000 அளவு (நடுத்தர) ரீல், அதற்கு நரம்பு சுற்றிய இரண்டு ஸ்பூல். ஒன்றில் 20 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னிய நரம்பு), இன்னொன்றில் 30. அதே ரீலை இரண்டு ராடுக்கும் மாற்றி மாட்டுகிறேன். மிச்சமான காசை நல்ல லீடருக்கு, அதாவது முள்ளுக்கு முன்னால் கட்டும் தடித்த நரம்புக்கு, செலவு செய்தேன். கழியில் கொடுவா மீன் அடித்தால் 40 பவுண்டுக்குக் குறைந்த லீடர் ஆபத்து. அதன் வாயில் பெரிய பல் கிடையாது, ஆனால் அரம் மாதிரி சொரசொரப்பு. செவுள் மூடியின் ஓரமோ கத்திதான். துள்ளித் தலையை உதறும்போது நரம்பு அதில் உரசினால் முடிந்தது.

கடையில் ராடை வாங்கும்போது எல்லாரும் வளைத்துப் பார்ப்பார்கள். நான் இப்போது முதலில் நரம்பு ஓடும் வளையங்களைத்தான் பார்க்கிறேன். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் ஒரு பீங்கான் வட்டம் இருக்கும். அதில் முடியளவு விரிசல் இருந்தாலும் பிரெய்டை அறுத்துவிடும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. காது குடையும் பஞ்சுக் குச்சியை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டுச் சுற்றுங்கள். விரிசல் இருந்தால் பஞ்சு இழை அதில் மாட்டிக்கொண்டு நிற்கும். என் முதல் 9 அடி ராடில் நல்ல பாறை மீன் ஒன்று காரணமே தெரியாமல் அறுத்துக்கொண்டு போனது. வீட்டில் வந்து பஞ்சை விட்டுப் பார்த்தேன். நுனியிலிருந்து இரண்டாவது வளையத்தில் வெள்ளையாக இழை தொங்கியது. அந்த வளையத்தை மட்டும் மாற்றிய பிறகு, அதே ராடு இன்னும் இரண்டு வருடம் உழைத்தது.

இன்னொன்று, இரண்டு துண்டும் சேரும் இடம். உப்பும் மணலும் போய் இறுகினால் இரண்டு பேர் இழுத்தாலும் வராது. உள்ளே போகும் துண்டில் கொஞ்சம் மெழுகுவர்த்தியைத் தேய்த்து வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. ரீலையும் ராடையும் நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவுங்கள், வேகமாகப் பீய்ச்சினால் உப்பு ரீலுக்குள்ளேயே போய் உட்காரும்.

சரி, கயாக்.

முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மணல் திட்டு. கடல் ஏற்றம் தணிந்து தண்ணீர் வெளியே ஓட ஆரம்பித்ததும் அந்தத் திட்டின் முனையில் மடவைக் குஞ்சுகள் சிதறும், பின்னால் ஏதோ பெரிதாக அடிக்கும். ஒரு வருடம் முழுக்க இக்கரையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 9 அடி ராடில் எவ்வளவு வீசினாலும் அந்த முனை எட்டவில்லை. கயாக் ஆசை அங்கேதான் பிறந்தது.

வாங்குவதற்கு முன் இரண்டு கயாக்கை ஓட்டிப் பார்த்தேன். ஒன்று 12 அடி, 34 கிலோ. தண்ணீரில் அம்பு மாதிரி போனது, காற்றிலும் நேராக நின்றது. இன்னொன்று 10 அடி, 25 கிலோ. கொஞ்சம் மெதுவாகப் போகும், துடுப்பை நிறுத்தினால் மூக்கு பக்கவாட்டில் திரும்பும். தண்ணீரில் மட்டும் பார்த்தால் 12 அடிதான் நல்லது. நான் வாங்கியது 10 அடி. நான் தனியாகப் போகிறவன். காரை நிறுத்தும் இடத்திலிருந்து தண்ணீர் வரை சில இடங்களில் இருநூறு மீட்டர் மணல். போகும்போது உற்சாகத்தில் தூக்கிவிடலாம். ஐந்து மணி நேரம் வெயிலில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, அதே எடையைக் கூரை மேல் ஏற்ற வேண்டுமே, கணக்கை அங்கே போட வேண்டும். 25 கிலோவை ஒரு முனையை முதலில் கூரையில் சாய்த்து, அப்புறம் பின்னால் போய்த் தள்ளி ஏற்றிவிடுகிறேன். 34 கிலோ வாங்கியிருந்தால் இரண்டாவது மாதமே அது பார்க்கிங்கில் தூங்கியிருக்கும் என்று உறுதியாகச் சொல்வேன்.

மிதிக்கும் பெடல் கயாக்கையும் யோசித்தேன். கை இரண்டும் ராடுக்குக் கிடைக்கும், அது பெரிய வசதி. ஆனால் ஓடியூர்க் கழியில் பல இடங்களில் முழங்காலளவுதான் தண்ணீர். அடியில் சுழலும் தகடு மணலிலும் கைவிட்ட வலைத் துண்டிலும் சிக்கும். எடையும் விலையும் வேறு அதிகம். காற்றடைக்கும் கயாக் வீட்டில் வைக்க எளிது, ஆனால் பாலத் தூண்களில் ஒட்டியிருக்கும் சிப்பியின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தவர் அதில் ஏறி அங்கே போக மாட்டார்.

நான் எடுத்தது மேலே உட்காரும் வகை. உட்காரும் தளத்தில் ஓட்டைகள் இருக்கும், ஏறிய தண்ணீர் தானே கீழே வடியும். கவிழ்ந்தாலும் மூழ்காது, திருப்பிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். நம் கட்டுமரம் இதே தத்துவத்தில்தான் மிதக்கிறது. மரங்களைக் கட்டிய இடுக்கு வழியாக அலை ஏறும், இறங்கும், நிரம்ப அதில் குழி கிடையாது. கோவளத்தில் முதல்முறை இறக்கியபோது அங்கே வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த ஓட்டைகளைப் பார்த்ததுமே அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

அதே ஓட்டைகள்தான் இதன் பலவீனமும். கயாக்கை உருட்டிப் போக ஒரு தள்ளுவண்டி வாங்கினேன். அதன் இரண்டு கம்பிகளும் ஓட்டைக்குள் போய் நிற்கும்படி அமைப்பு. எட்டு மாதத்தில் ஒரு ஓட்டையின் விளிம்பில் விரிசல் விட்டது. கரைக்கு வந்து மூக்கைத் தூக்கினால் உள்ளே குடம் குடமாகத் தண்ணீர் ஓடும் சத்தம். கயாக் செய்யும் பாலிஎத்திலீனும் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் பிளாஸ்டிக்கும் ஒரே குடும்பம். செய்கிற முறையும் ஒன்றே, அச்சுக்குள் பொடியைப் போட்டுச் சூட்டில் சுழற்றி எடுப்பார்கள். பசை ஒட்டாது. கடைசியில் தண்ணீர்த் தொட்டி ஓட்டை அடைப்பவர் ஒருவரைக் கூப்பிட்டேன். சூடுபண்ணி, அதே வகைப் பிளாஸ்டிக் குச்சியை உருக்கி இழைத்துக் கொடுத்தார். இரண்டு வருடமாக ஒரு சொட்டு இறங்கவில்லை. இப்போது அடிப்பகுதியை வார்ப்பட்டையால் தாங்கும் வண்டி வைத்திருக்கிறேன், அகலமான சக்கரத்துடன். ஒல்லிச் சக்கரம் நம் கடற்கரை மணலில் உருளாது, உழும்.

கயாக் வாங்கிய முதல் மாதத்திலேயே என் முதல் 9 அடி ராடை உடைத்தேன். கயாக்கில் உட்கார்ந்தபடி ஒரு கொடுவாவைப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டேன். ராடு நீளம், மீன் கைக்கு எட்டவில்லை. எட்டவைக்க ராடைத் தலைக்குப் பின்னால் சாய்த்தேன். வளைவு முழுவதும் நுனியில் போய் நின்றது. டப்பென்று ஒரு சத்தம், மேல் ஒரு அடி நரம்பில் தொங்கியது. நீள ராடின் பிடியும் உட்கார்ந்திருக்கும்போது உயிர்காப்பு அங்கியில் இடித்துக்கொண்டே இருக்கும். அதனால் கயாக்கில் உட்கார்ந்து வீச 7 அடி ராடு மட்டும்தான், பிடி முழங்கை நீளத்துக்குள் இருக்க வேண்டும். அதைவிடக் குட்டையும் வேண்டாம். மீன் கயாக்குக்கு அடியில் புகுந்து மறுபக்கம் ஓடினால், ராடு நுனியால் மூக்கைச் சுற்றி நரம்பை அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும். 6 அடியில் அது சிரமம்.

மூன்று வருடக் கணக்கில் எனக்கே வியப்பான விஷயம் இது: கயாக்கில் உட்கார்ந்து பிடித்ததைவிட, கயாக்கில் போய் இறங்கி நின்று பிடித்ததுதான் அதிகம். அந்த மணல் திட்டுக்குப் போகிறேன், கயாக்கை மேலே இழுத்து வைக்கிறேன், 9 அடி ராடை எடுத்துக்கொண்டு முனையில் நிற்கிறேன். கரையில் நின்று பழகியவனுக்குக் கயாக் என்பது அக்கரைக்குப் போகும் ஓடம். அப்படிப் பார்த்தால் வேகம், மீன் தேடும் கருவி, நான்கு ராடு செருகும் தாங்கி எதுவும் அவசியமில்லை. எடை குறைவு, இறங்கி ஏற வசதியான தட்டையான தளம், 9 அடி ராடை இரண்டு துண்டாகக் கழற்றிக் கட்ட இடம். இவ்வளவு போதும்.

கடலில் இறக்குவதைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. கோடையில் காலை வேளைகளில் மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும். கடல் குளம் மாதிரி தட்டையாகத் தெரியும். கயாக் வைத்திருப்பவருக்கு உடனே இறங்கத் தோன்றும். ஆனால் அந்தக் காற்று தரையிலிருந்து கடலுக்குத் தள்ளும் காற்று. போவது சுலபம், திரும்புவதுதான் பாடு. கோவளத்தில் ஒரு மீனவ அண்ணன், "கண்ணாடி மாதிரி இருக்குன்னு நம்பி எறங்காத தம்பி, அது இழுத்துட்டுப் போற கண்ணாடி" என்று தடுத்தார். அன்று ஒன்பது மணிக்கு ஒரு வெற்றுத் தெர்மக்கோல் துண்டு கிழக்கே போன வேகத்தைக் கரையிலிருந்தே பார்த்தேன். இப்போது கச்சான் இருந்தால் கழிதான், கடல் இல்லை. உயிர்காப்பு அங்கியும் விசிலும் இடுப்பளவுத் தண்ணீரிலும் உடம்பில் இருக்கும். எங்கே இறக்கினாலும் அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டுவிட்டு இறக்குங்கள். வலை மிதவை தெரிந்தால் சுற்றிப் போங்கள், அது அவர்களுடைய அன்றைய சம்பளம்.

கொடுவாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் ஆய்வு நிலையம் இருக்கிறது. அந்த நிறுவனம்தான் 1997இல் கொடுவாவை இந்தியாவில் முதன்முதலாகச் செயற்கை முறையில் குஞ்சு பொரிக்க வைத்தது. இந்த மீன் ஆணாகத்தான் வளர்கிறது, சில வருடம் கழித்துப் பெரிதானதும் பெண்ணாக மாறுகிறது. ஆக, கையில் வரும் பெரிய கொடுவா பெரும்பாலும் முட்டை போடும் மீன். முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போய்த்தான் போடும். அதனால் மூன்று, நான்கு கிலோவுக்கு மேல் வந்தால் தண்ணீரிலேயே தூண்டில் முள்ளைக் கழற்றி விட்டுவிடுகிறேன். மணல் திட்டில் முட்டியளவு தண்ணீரில் நின்றால் அது எளிது. மீனின் வயிற்றுக்கடியில் ஒரு கையை வைத்து, தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்துக்கொண்டிருந்தால், கொஞ்ச நேரத்தில் வால் உள்ளங்கையைத் தட்டும். அப்போது கையை எடுத்தால் போதும்.

கயாக்கை இப்போது பார்க்கிங் சுவரோரம், ஒருக்களித்து இரண்டு பட்டையில் தொங்கவிட்டிருக்கிறேன். வெயில் படாது. கூரையில் பட்டையை இறுக்கிக் கட்டி வெயிலில் ஓட்டியதில் அடியில் விழுந்த பள்ளம், ஒரு மதியம் வெயிலில் கவிழ்த்துப் போட்டதும் பெரும்பாலும் நிமிர்ந்துவிட்டது. 9 அடி ராடில் நுனி வளையம் மறுபடி பஞ்சைப் பிடிக்கிறது. ஐப்பசி மழை இறங்கி முகத்துவாரம் அகலமாகத் திறப்பதற்குள் அதை மாற்றிவிட வேண்டும்.