அடுப்படிக்கு ஒரு பாட்டுப்பெட்டி: நாலு பார்த்து ஒன்று எடுத்தோம்

எங்கள் வீட்டு அடுப்படியில் காலை ஐந்தரையிலிருந்து எட்டரை வரை ஏதாவது ஒன்று பாடிக்கொண்டே இருக்க வேண்டும். அத்தைக்குப் பக்திப் பாட்டும் வானொலிச் செய்தியும், மகளுக்கு அந்த வாரம் வந்த பாட்டு, எனக்கு எதுவானாலும் சரி, கத்தாமல் இருந்தால் போதும். பழைய ரேடியோ ஒருநாள் மேடையிலிருந்து விழுந்து வாயை மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு ஆறு மாதமாக விதவிதமாகப் பார்த்துவிட்டேன். மதுரையில் சாதாரண ஃபிளாட், பத்துக்கு எட்டு அடுப்படி.

முதலில் வாங்கியது 650 ரூபாய் ப்ளூடூத் ஸ்பீக்கர். கம்பெனி பெயர் வேண்டாம். எஃப்எம் உண்டு என்று அட்டையில் போட்டிருந்தது, பொய்யில்லை, ஆனால் தனி ஏரியல் கிடையாது, சார்ஜ் போடும் ஒயரையே ஏரியலாக எடுத்துக்கொள்ளும் வகை. ஒயரைச் செருகினால் கோடை பண்பலை, பிடுங்கினால் வெறும் இரைச்சல். கொடைக்கானல் மலையிலிருந்து 100.5-இல் வருவது மதுரைக்குத் தாராளமாகவே கிடைக்கும், மொட்டை மாடியில் போனில் ஹெட்செட்டைச் செருகினாலே கணீரென்று கேட்கிறது. ஆனால் எங்கள் அடுப்படிக்கு நாலு பக்கமும் கான்கிரீட், இருக்கும் ஒரே சன்னலும் பைப் இறங்கும் சந்தைப் பார்த்தது. எஃப்எம் அலையின் நீளம் ஏறக்குறைய 3 மீட்டர், அதில் கால்பங்கு, அதாவது முக்கால் மீட்டர் கம்பி இருந்தால் நன்றாகப் பிடிக்கும். அதனால் ரேடியோவும் கேட்கிற வீடு என்றால் இழுத்து நீட்டும் ஏரியல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம். இன்னொன்று, அந்த ஸ்பீக்கரின் முகப்பு துணி. மூன்றே மாதத்தில் தாளிக்கிற புகையெல்லாம் அதில் ஏறி, தொட்டால் விரல் ஒட்டுகிற அளவுக்குப் பிசுக்கு. துடைக்கவும் முடியாது, கழற்றித் துவைக்கவும் முடியாது.

அடுத்து தங்கையிடம் இரவல் வாங்கியது ஜேபிஎல் கோ 3. உள்ளங்கை அளவு. ஐபி67 தரம், அதாவது தூசி புகாது, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். அரிசி களைந்த கையோடு தொடலாம், பிசுக்கு ஏறினால் குழாயில் காட்டிக் கழுவலாம், அந்த நிம்மதி பெரிது. ஆனால் ரேடியோ இல்லை. யாராவது ஒருவர் போன் பக்கத்திலேயே கிடக்க வேண்டும். மகள் ஏழு ஐம்பதுக்குக் காலேஜ் கிளம்பினால் பாட்டும் அவளோடு பஸ் ஏறிவிடும். தனி ஆளுக்கு அருமையான பெட்டி, குடும்பத்துக்கு ஒத்துவராது.

வீட்டில் ஏற்கனவே ஒரு சரிகம கார்வான் இருக்கிறது, அத்தைக்கு அறுபதாம் கல்யாணத்துக்கு வந்த பரிசு. 5000 பழைய பாட்டு உள்ளேயே இருப்பதால் நெட்டும் வேண்டாம், போனும் வேண்டாம். அதை அடுப்படிக்குக் கொண்டுவரலாமா என்று கேட்டுப் பார்த்தேன். "எண்ணெய்ப் பிசுக்கு ஏறினா நீயா தொடைப்ப?" என்றார்கள். ஹாலிலேயே இருக்கிறது.

வாயால் சொன்னால் பாடும் ஸ்மார்ட் ஸ்பீக்கரையும் கடையில் போய்ப் பார்த்தோம். கையெல்லாம் மாவாக இருக்கும்போது அதைவிட வசதி உண்டா என்றுதான் தோன்றியது. ஆனால் கடையில் ஏசி சத்தம்கூட இல்லை, இங்கே 750 வாட் மிக்ஸியில் தேங்காய் அரைபடும்போது நான் சொல்வது எனக்கே கேட்காது. பெரும்பாலானவற்றில் பேட்டரியும் கிடையாது, மாதம் ஒருநாள் பராமரிப்புக்கு என்று காலையில் கரண்ட்டை நிறுத்தினால் அது சும்மா உட்கார்ந்திருக்கும். வேண்டாமென்று வந்துவிட்டோம்.

கடைசியில் எடுத்தது 2,400 ரூபாய்க்கு ஒரு ரேடியோ. இதே வடிவத்தில் மூன்று நான்கு கம்பெனிகள் போடுகிறார்கள், அதனால் பெயரை விட்டுவிடுகிறேன். நீட்டும் ஏரியல், ப்ளூடூத், பென் டிரைவ் செருகும் இடம், சார்ஜ் ஏறும் பேட்டரி, துடைக்கக்கூடிய பிளாஸ்டிக் முகப்பு, எல்லாம் உண்டு. ஆனால் நான் இதை எடுத்ததற்கு உண்மையான காரணம் சத்தத்துக்கு இருக்கும் திருகு குமிழ்தான். சிரிக்க வேண்டாம். அடுப்படியில் சத்தத்தைக் கூட்டுவதைவிடக் குறைப்பதுதான் அவசரமான வேலை. குக்கர் விசில் மூன்றா நாலா என்று எண்ண வேண்டும், கேஸ்காரர் பெல் அடிப்பார், அத்தை ஹாலிலிருந்து கூப்பிடுவார்கள். ஈரக் கையோடு தொடு பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்த்த பிறகு, மணிக்கட்டால் ஒரு தள்ளு தள்ளினாலே அடங்கும் குமிழின் அருமை தெரிந்தது.

சத்தத்தின் தரம்? சுமார்தான். ஆனால் சுற்றிலும் டைல்ஸ், கீழே கிரானைட், எந்தப் பெட்டியை வைத்தாலும் சத்தம் எதிரொலித்துக் கூர்மையாகத்தான் வரும், இதற்காக ஐயாயிரம் கொடுப்பது வீண். சுவர் மூலையில் ஒட்டி வைத்தால் கும்மென்று அடிக்கிறது, ஒரு சாண் முன்னால் இழுத்து வைத்ததும் பேச்சு தெளிந்தது. மைக்ரோவேவ் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள், அதுவும் ப்ளூடூத்தும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம், பால் சூடாகி முடியும்வரை பாட்டு திக்கித் திக்கித்தான் வரும்.

குறைகளும் இருக்கின்றன. மிகக் குறைத்து வைத்தாலும் விடியற்காலைக்கு அது அதிகம். முன்னால் ஒரு நீல விளக்கு கண்ணைக் குத்துகிறது, அதன் மேல் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிட்டேன். பென் டிரைவில் அத்தைக்கு ஒரு ஃபோல்டர், மகளுக்கு ஒரு ஃபோல்டர் என்று அழகாகப் பிரித்துப் போட்டுக் கொடுத்தேன், பெட்டிக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியவில்லை. பக்திப் பாட்டு முடிந்த கையோடு குத்துப்பாட்டுக்குத் தாவுகிறது. அத்தை இதுவரை மாற்றச் சொல்லவில்லை.